தம்பி சிங்கப்பூர் போகிறான்: உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 24 வயது. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு பெர்மிட் வந்துவிட்டது. "உடம்புக்கு எது வந்தாலும் கம்பெனி பார்த்துக்கும், எல்லாம் இன்சூரன்ஸ்ல வந்துடும்" என்கிறார் ஏஜென்ட். அதை நம்பி அனுப்பலாமா?

பாதி நம்பலாம். சிங்கப்பூரில் இதற்கான சட்டம் மோசமில்லை, தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளும் தரமானவை. சிக்கல் எங்கே என்றால், உங்கள் தம்பியின் பெர்மிட் யார் கையில் இருக்கிறதோ, அவன் எந்த கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சொல்பவரும் பெரும்பாலும் அவர்தான், பில் கட்டுபவரும் அவர்தான். முதலாளி. அவர் நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்து டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடலாம். இது தெரிந்த தொழிலாளி வலியைச் சொல்ல மாட்டான். நான் அங்கே கட்டுமானத் தளங்களில் சேஃப்டி வேலையில் பல வருடம் இருந்தவன். டாக்டர் கிடைக்காமல் கெட்டவர்களைவிட, டாக்டரிடம் போகப் பயந்து கெட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் இன்சூரன்ஸ். ஒர்க் பெர்மிட்டில் வருபவருக்கு அங்கே அரசு மருத்துவமனையில் மானியம் கிடையாது. முழுக் கட்டணம்தான். அதை முதலாளி ஏற்க வேண்டும் என்பது பெர்மிட்டின் நிபந்தனை. அதற்காக அவர் கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். முன்பு ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) எடுத்தால் போதும் என்றிருந்தது. ஐசியூவில் ஆளைப் போட்டால் அது எந்த மூலைக்கு? 2023 ஜூலை 1 முதல் அதை 60,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 15,000 வரை காப்பீட்டு நிறுவனம் முழுதாகக் கட்டும். அதற்கு மேல் 60,000 வரை காப்பீட்டு நிறுவனம் 75 சதவீதம், முதலாளி 25 சதவீதம். 60,000-ஐத் தாண்டினால் மொத்தமும் முதலாளி தலையில்தான். பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து ஆளை வைத்து சப்-கான்ட்ராக்ட் ஓட்டுகிற சின்ன முதலாளிக்கு அந்த 25 சதவீதமே மூச்சு முட்டும். "சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ணுங்க, ஊர்ல போய் பார்த்துக்கட்டும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டியதில்லை, ஆனால் அவருடைய கணக்கும் உங்கள் தம்பியின் உடம்பும் வேறு வேறு திசையில் இழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 1 முதல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுகிற ஏற்பாடு வந்திருக்கிறது. எதெல்லாம் காப்பீட்டில் வராது என்ற பட்டியலையும் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

ஏஜென்ட் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால், அல்லது அன்றே போய் அன்றே திரும்பும் ஆபரேஷன் என்றால்தான். காய்ச்சல், வயிற்றுவலி, இடுப்புப் பிடிப்பு, பிபி மாத்திரை எல்லாம் இதில் வராது. அதற்கு வேறு ஏற்பாடு. கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை வகை வேலைகளில் இருப்பவர்களுக்கும் டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதி, சுருக்கமாக டார்ம்) தங்கியிருப்பவர்களுக்கும் 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயம் ஆனது. வருடக் கட்டணத்தை முதலாளி கட்டிவிடுவார். தம்பி டார்ம் பக்கத்தில் உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஒரு தடவைக்கு 5 வெள்ளி, போனிலேயே வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. சர்க்கரை, பிபி மாதிரி நாள்பட்ட நோய்க்கும் அங்கேயே பார்க்கலாம். கம்பெனியிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டிய அவசியம் இல்லை, எஃப்டபிள்யூமாம்கேர் என்ற ஆப் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். தம்பி போய் இறங்கிய வாரமே அந்த ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாமலே கிடந்து, ஊரிலிருந்து வருகிறவன் பையில் டோலோவும் ஜெலுசிலும் கொண்டுவரச் சொல்லிக் காலம் தள்ளுகிறவர்கள் நிறைய.

இந்தத் திட்டம் வந்த கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சும்மா வரவில்லை. 2020 மார்ச்-ஏப்ரலில் கொரோனா டார்மிட்டரிகளுக்குள் புகுந்தது. அப்போது 3,23,000 தொழிலாளர்கள் டார்மிட்டரிகளில் இருந்தார்கள். வருடக் கடைசியில் அரசே கணக்குக் காட்டியது: அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அடுக்குக் கட்டில், ஒரு அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர், பொதுச் சமையல், பொதுக் குளியல். அங்கே இடைவெளி விடு என்றால் எங்கே விடுவது? மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. அதற்குப் பிறகுதான் டார்ம் அருகிலேயே மருத்துவ நிலையங்கள் வந்தன, புதிதாகக் கட்டும் டார்ம்களில் ஒரு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, 6 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற விதியும் வந்தது. பழைய டார்ம்கள் மாறுவதற்கு வருடங்கள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தம்பிக்குக் கிடைப்பது புதுசா பழசா என்பது அவன் அதிர்ஷ்டம்.

இனி முக்கியமான விஷயம், வேலையில் அடிபடுவது. நோய்க்கும் விபத்துக்கும் சட்டம் தனித்தனி. வேலையில் அடிபட்டால் ஒர்க் இஞ்சுரி சட்டம், அங்கே எல்லாரும் "விகா" என்பார்கள். இதில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. ஹெல்மெட் போடவில்லை, கவனம் இல்லாமல் இருந்தான் என்றெல்லாம் சொல்லி சும்மா தள்ளிவிட முடியாது. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது விபத்து நடந்து ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அது. 2025 நவம்பருக்கு முன் நடந்த விபத்து என்றால் இந்த வரம்பு 45,000. டாக்டர் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தால் வேலைக்குப் போகாமலே சம்பளம் வரும்: வீட்டிலிருக்கும் எம்சிக்கு முதல் 14 நாளும், ஆஸ்பத்திரி எம்சிக்கு முதல் 60 நாளும் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. கை கால் ஊனம் நிரந்தரமாக நின்றுவிட்டால் தனி நஷ்டஈடு. கம்பெனி லாரியில் போகும்போது அடிபட்டாலும் இது பொருந்தும். (லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிப்போவது அங்கே இன்னும் சட்டப்படியே நடக்கிறது. அவ்வளவு பணக்கார நாட்டில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.)

பிறகு ஏன் அடிபட்டவர்கள் வெறும் கையோடு ஊர் திரும்புகிறார்கள்? கம்பி வெட்டும் மெஷினில் விரல் நசுங்கிய ஒரு பையனோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம். டாக்டர் அவனைப் பார்த்துத்தான் கேட்டார், எப்படி ஆச்சு என்று. பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அவன் கம்பெனி சூப்பர்வைசர்: "ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிட்டான் டாக்டர்." டாக்டர் அதை அப்படியே கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கினார். பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் மெயின் கான்ட்ராக்டர் ஆள், என் சம்பளம் அந்த சூப்பர்வைசர் கையில் இல்லை. அதனால் வாயைத் திறந்து, சைட்டில் மெஷினில் நடந்தது என்று சொன்னேன். டாக்டர் அடித்ததை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அந்த ஒரு வரிதான் எல்லாம். கதவு இடுக்கு என்று பதிவாகிவிட்டால் அது வேலை விபத்து இல்லை. எம்சி சம்பளம் இல்லை, நஷ்டஈடு இல்லை. பிறகு எத்தனை வக்கீல் வைத்தாலும் முதல் நாள் டாக்டர் எழுதியதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இவ்வளவுக்கும் தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பெரிய மருத்துவமனைகளில் தமிழ் பேசும் நர்ஸோ டாக்டரோ பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். வங்காளதேசத்துப் பையனுக்கு இல்லாத வசதி நம் பையனுக்கு இருக்கிறது. ஆகவே தம்பிக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள்: டாக்டர் அறைக்குள் கம்பெனி ஆள் கூட வந்தால், "நான் தனியாகப் பேச வேண்டும், தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது தப்பில்லை.

அடுத்த தந்திரம் லைட் டியூட்டி, அதாவது விடுப்பு தராமல் லேசான வேலை கொடுப்பது. எம்சி கொடுத்தால் விபத்து எம்ஓஎம் வரை, அதாவது மனிதவள அமைச்சு வரை போகும் என்று பயந்து, டாக்டரிடம் லைட் டியூட்டி எழுதி வாங்குவார்கள். கட்டுப்போட்ட கையோடு பையன் கேட்டில் உட்கார்ந்து லாரி எண் எழுதிக்கொண்டிருப்பான், அல்லது டார்மில் படுத்திருப்பான், சம்பளமும் சரியாக வராது. 2020 செப்டம்பர் 1-இல் புதுச் சட்டம் வந்தபோது இந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒரு நாள் எம்சி ஆனாலும் சரி, லைட் டியூட்டி ஆனாலும் சரி, வேலை விபத்து என்றால் முதலாளி எம்ஓஎம்முக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் தொழிலாளியே போய்த் தெரிவித்து கிளெய்ம் போடலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். பெர்மிட் ரத்தானாலும் கிளெய்ம் செத்துப்போவதில்லை.

கிளெய்ம் போட்டவனின் வாழ்க்கை சுலபம் என்று சொல்ல மாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால் ஸ்பெஷல் பாஸில், அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில், இருக்க வேண்டும். அதில் வேலை பார்க்கக் கூடாது. மாதக்கணக்கில் கேஸ் இழுக்கும். தங்கவும் சாப்பிடவும் முதலாளிதான் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், கேஸ் போட்டவனை எந்த முதலாளி முகம் கொடுத்துப் பார்ப்பார்? டார்மை விட்டு வெளியே வந்துவிட்டவர்கள் லிட்டில் இந்தியாப் பக்கம்தான் வருவார்கள். டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது, கேஸ் விஷயத்திலும் வழி சொல்கிறது. 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் என்ற இன்னொரு அமைப்பு குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது, மனநல ஆலோசனையும் தருகிறது. இந்த இரண்டு பெயரும் தம்பி போனில் இருக்கட்டும். கேஸ் முடியாமல் வலுக்கட்டாயமாக ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனால், இமிகிரேஷன் கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்கு விபத்து கிளெய்ம் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் கம்பெனி ஆள் கூட வர முடியாது.

விபத்து கண்ணுக்குத் தெரியும். மெதுவாக உடம்பைத் தின்பவை தெரியாது. முதலாவது சாப்பாடு. டார்மில் சமைக்க நேரமில்லாதவர்கள் கேட்டரிங் போட்டுக்கொள்வார்கள். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பொட்டலமாக வந்துவிடும். மதியப் பொட்டலம் பிளாஸ்டிக் பையில் சைட் வேலியில் தொங்கும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சோறு வியர்த்து, குழம்பு லேசாக நுரைத்திருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி சாப்பிட்டுவிட்டு மீதியைக் கொட்டுவார்கள். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் இல்லாத ஆளை சைட்டில் தேட வேண்டும். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது வெயில். தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு என்ன என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் வெயில் எண்ணிக்கையில் நம் ஊரைவிடக் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. 2023 அக்டோபரில் இதற்கு விதி வந்தது. ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் கருவியில் 32 டிகிரி காட்டினால் கடினமான வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு, 33 என்றால் பதினைந்து நிமிடம். புதிதாக வந்தவர்களை ஏழு நாளாவது கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் பழக்க வேண்டும். மேலே முப்பதாவது மாடியில் வேலை, கழிப்பறை கீழே. இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, சூப்பர்வைசர் திட்டுவார் என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீரகத்தில் கல் வந்து துடிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

மூன்றாவது கடன். இதையும் நான் உடம்புக் கணக்கில்தான் சேர்ப்பேன். சிங்கப்பூரில் உள்ள ஏஜென்ட் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. ஊரில் இருக்கும் ஏஜென்டை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. நகை அடகு, வட்டிக்குக் கடன் என்று லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு முதல் வருடம் முழுக்க அதை அடைக்கவே சரியாகிவிடும். சாதாரண நோய்க்கு எம்சி எடுத்தால் வழக்கமான சம்பளம் மட்டும்தான், ஓவர்டைம் காசு போச்சு. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகும்வரை சம்பளத்தோடு நோய் விடுப்பே கிடையாது. பிறகு 104 டிகிரி காய்ச்சலோடு ஏன் சாரத்தில் ஏறினாய் என்று கேட்டு என்ன பயன்? தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு டார்ம் படிக்கட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேருக்கு மேல் வட்டிக் கணக்குத்தான் வரும். நீங்கள் போனில் பேசும்போது "பணம் எப்போ அனுப்புவே" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள்.

இப்போது கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது. தம்பி சிங்கப்பூரில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல் எடுப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம். டிபி, எச்ஐவி, மலேரியா எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் பெர்மிட் அட்டை கைக்கு வராது, அடுத்த விமானத்தில் ஊர்தான். ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பாது. ஆகவே முழுப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இங்கே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே, சர்க்கரை, பிபி, சிறுநீர் எல்லாம் பார்த்துவிடுங்கள். டிபி என்று தெரிந்தால் இங்கே சிகிச்சை இலவசம், முடித்துவிட்டுப் போகலாம். பிபியோ சர்க்கரையோ இருந்தால் டாக்டர் சீட்டை மருந்தின் மூலப்பெயரோடு எழுதி வாங்கிக் கொடுங்கள். அங்கே டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐபிஏ என்ற அனுமதிக் கடிதம் தமிழிலும் வரும். கிளம்பும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் இருக்கும் சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். விபத்து நஷ்டஈடு, எம்சி சம்பளம் எல்லாம் சராசரி மாதச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் மாதாமாதம் பே ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தியப் பக்கத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் குடியகல்வு அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்கு மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர் அந்த நாடுகள் பட்டியலில் இல்லை, ஆகவே யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம், பதிந்து வையுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அவன் முடியாமல் திரும்பி வந்தால் கைகொடுப்பது அதுதான்.

கடைசியாக, அவன் பாஸ்போர்ட், ஐபிஏ, பெர்மிட் அட்டையின் இரண்டு பக்கம், கம்பெனி பெயர், டார்ம் முகவரி, ரூம்மேட் இரண்டு பேர் போன் எண் இவ்வளவும் உங்கள் போனில் இருக்கட்டும். ஆள் மயக்கமாக ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கம்பெனி போனை எடுக்காது; டிடபிள்யூசி2-க்கோ அங்கேயுள்ள இந்திய ஹை கமிஷனுக்கோ (தூதரகம்) நீங்கள் போன் செய்தால், அவர்கள் முதலில் கேட்பது பெர்மிட் எண்ணாகத்தான் இருக்கும்.